இதயத்துக்கு இரண்டு கடிவாளம், ரத்தக் குழாய்க்கு ஒன்று

இதயம் துடிப்பதற்கு நரம்பு தேவையில்லை. தவளையின் இதயத்தை அறுத்தெடுத்துத் தகுந்த உப்புக் கரைசலில் போட்டால், மூளையோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். மனித இதயமும் அப்படித்தான். வலது மேலறையின் சுவரில், மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், சைனோ ஏட்ரியல் கணு என்ற சிறு தசைத் திட்டு இருக்கிறது. அதன் செல்கள் தாமாகவே மின்துடிப்பை எழுப்புகின்றன. அது பரவும்போது இதயம் சுருங்குகிறது. இந்தக் கணுவை அதன் போக்கில் விட்டுவிட்டால், இளம் வயதினருக்கு நிமிடத்துக்கு 100 முறைக்குச் சற்று மேலாகவே துடிக்கும். வயது ஏற ஏற இந்த வேகம் மெல்லக் குறையும்.

ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான ஒருவரின் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினால் 70, 72 என்றுதான் வரும். மீதி முப்பது துடிப்பைப் பிடித்து வைத்திருப்பது ஒரு நரம்பு. மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலிருந்து கிளம்பி, கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு அது. மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதை நேராகப் பார்க்கலாம். ஒருவர் உடலிலிருந்து இதயத்தை எடுக்கும்போது ரத்தக் குழாய்களோடு நரம்புகளும் அறுபடுகின்றன. குழாய்களை இன்னொருவர் உடலில் தைத்துவிட முடியும். நரம்புகளைத் தைக்க முடியாது. அதனால் புதிய இதயம் ஓய்விலும் 90 முதல் 110 வரை துடிக்கிறது. அதை வைத்துக்கொண்டு வாழலாம், நடக்கலாம், வேலைக்கும் போகலாம். படியேறத் தொடங்கினால் மட்டும் நாடி உடனே எகிறாது. ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேரும்வரை காத்திருந்து, சில நிமிடங்களில் மெல்ல ஏறும். உட்கார்ந்த பிறகும் மெல்லத்தான் இறங்கும். நரம்பு செய்துவந்த வேலை எது என்பது அந்தத் தாமதத்தில் தெரிகிறது.

விருப்பத்தைக் கேட்காமல் உள்ளுறுப்புகளை நடத்தும் இந்த நரம்புத் தொகுதிக்குத் தானியங்கு நரம்பு மண்டலம் என்று பெயர். கையை மடக்க நினைத்தால் மடக்கலாம். நாடியை 60-க்கு இறக்க நினைத்தால் அது நம் சொல் கேட்காது. கேம்பிரிட்ஜின் உடலியலாளர் ஜான் லாங்லி 1898-இல் இந்த மண்டலத்துக்கு இன்றைய பெயரைக் கொடுத்தார். இதில் இரண்டு முக்கியப் பிரிவுகள்: பரிவு நரம்புகள், எதிர்ப்பரிவு நரம்புகள். ஓர் உறுப்பின் துன்பத்தில் இன்னோர் உறுப்பு பங்குகொள்கிறது என்று பழைய ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினார்கள். பரிவு என்ற பெயர் அந்த நம்பிக்கையின் மிச்சம். இதயத்தைப் பொறுத்தவரை எதிர்ப்பரிவு என்றால் வேகஸ்தான். பரிவு நரம்புகளோ தண்டுவடத்தில், முதல் மார்புத் துண்டிலிருந்து இரண்டாம் இடுப்புத் துண்டு வரையிலான பகுதியிலிருந்து கிளம்புகின்றன. முதுகெலும்பின் இரு பக்கமும் மணிமாலைபோல் கோத்த நரம்பு முடிச்சுகளில் கைமாறி, இதயத்துக்கும் உடம்பெங்கும் உள்ள ரத்தக் குழாய்களுக்கும் போகின்றன.

வேகஸைத் தூண்டினால் இதயம் மெதுவாகும், பலமாகத் தூண்டினால் சில நொடி நின்றேவிடும் என்று 1845-இல் எடுவார்ட் வேபர், எர்ன்ஸ்ட் வேபர் என்ற ஜெர்மன் சகோதரர்கள் காட்டியபோது பலருக்கும் வியப்பு. நரம்பு என்றால் ஏவும் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார்கள். அடக்குவதற்கும் ஒரு நரம்பு உண்டு என்பது புதுச் செய்தி. அந்த அடக்குதல் எப்படி நடக்கிறது என்று தெரிய இன்னும் எழுபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். முதல் இதயத்தின் வேகஸைத் தூண்டி அதை மெதுவாக்கினார். அந்த இதயத்தில் இருந்த திரவத்தை எடுத்து, நரம்பே இல்லாத இரண்டாவது இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவானது. நரம்பின் முனை ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது, அந்தப் பொருளே கட்டளை என்பது இந்த ஒரே சோதனையில் தெளிந்தது. 1921-இல் வெளியான ஆய்வு அது. இந்த யோசனை கனவில் வந்ததாகவும், நள்ளிரவில் எழுந்து கிறுக்கி வைத்ததைக் காலையில் படிக்க முடியாமல் போனதாகவும், மறுநாள் இரவு அதே கனவு வந்ததும் நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடியதாகவும் லோவியே சொல்லியிருக்கிறார். அந்தப் பொருள்தான் அசிட்டைல்கோலின். 1936-இல் அவருக்கும் ஹென்றி டேலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பரிவு நரம்பு முனைகள் சுரப்பது நார்அட்ரினலின். அது இதயத்தின் வேகத்தை மட்டுமல்ல, ஒவ்வொரு துடிப்பின் வலுவையும் கூட்டுகிறது. வேகஸின் பிடி முக்கியமாகக் கணுவின் மேலும், மேலறைகளிலிருந்து கீழறைகளுக்குத் துடிப்பு கடக்கும் வழியின் மேலும்தான்; கீழறைத் தசையின் வலுவில் அதற்குப் பெரிய பங்கில்லை. இரண்டுக்கும் இன்னொரு பெரிய வேறுபாடு வேகம். அசிட்டைல்கோலின் கணுச் செல்லின் பொட்டாசியம் வாயில்களை அநேகமாக நேரடியாகவே திறந்துவிடுகிறது. வேலை முடிந்த கணமே ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். அதனால் வேகஸின் சொல் அடுத்த துடிப்பிலேயே கேட்கப்படும், அடுத்த சில துடிப்புகளில் மறக்கப்படும். நார்அட்ரினலினோ செல்லுக்குள் பல படிகளைத் தாண்டி வேலை செய்கிறது. ஓரிரு நொடி கழித்துத்தான் தொடங்கும்; முழு விளைவு தெரிய இருபது முப்பது நொடிகூட ஆகும். திடீரென்று பின்னால் பட்டாசு வெடித்தால் நெஞ்சு ‘திக்’கென்று எகிறுவது பெரும்பாலும் வேகஸ் தன் பிடியை விட்டதால். அதற்குப் பிறகு நெடுநேரம் நீடிக்கும் படபடப்பு பரிவு நரம்பும், சிறுநீரகங்களின் தலைப்பில் உள்ள அட்ரினல் சுரப்பிகளும் செய்வது.

வேகஸ் வேலை செய்வதை வீட்டிலேயே தொட்டுப் பார்க்கலாம். நாடியில் விரல் வைத்தபடி மூச்சை மெல்ல, ஆழமாக இழுத்தால் துடிப்பு நெருங்கி வரும். மெல்ல விட்டால் தள்ளித் தள்ளி விழும். இளைஞர்களிடம் இது நன்றாகவே தெரியும். மூச்சு இழுக்கும்போது வேகஸ் தளர்கிறது, விடும்போது இறுக்குகிறது. இதய நோயோ என்று பயப்பட வேண்டியதில்லை. இந்த ஏற்ற இறக்கம் இருப்பதுதான் நலம்.

ரத்தக் குழாய்களின் ஏற்பாடு வேறு. இதயத்துக்கு இழுக்கவும் விடவும் இரண்டு கடிவாளம் இருக்க, பெரும்பாலான குழாய்களுக்கு ஒன்றுதான்: பரிவு நரம்பு. பிரான்சின் கிளாட் பெர்னார்ட் 1850-களின் தொடக்கத்தில் ஒரு முயலின் கழுத்தில் ஒரு பக்கத்துப் பரிவு நரம்பை வெட்டினார். அந்தப் பக்கத்துக் காது சிவந்து சூடானது. மறுகாது பழையபடி இருந்தது. வெட்டிய நரம்பின் மேல்முனையை மின்சாரத்தால் தூண்டியபோது காது வெளுத்துக் குளிர்ந்தது. அதாவது, பரிவு நரம்பு எந்நேரமும் குழாய்களைக் கொஞ்சம் சுருக்கியே வைத்திருக்கிறது. விரிக்க வேண்டுமானால் தனி நரம்பு வேண்டாம். சுருக்குவதைக் குறைத்தாலே போதும். உமிழ்நீர்ச் சுரப்பி, ஆணுறுப்பு போன்ற சில இடங்களில் மட்டும் எதிர்ப்பரிவு நரம்பு குழாய்களை நேரடியாக விரிக்கிறது.

இந்தச் சுருக்கம் அதிகம் நடப்பது நுண்தமனிகளில். முடியை விட அதிகம் தடிமனில்லாத இந்தக் குழாய்களின் சுவர் பெரும்பாலும் தசைதான். ஒரு குழாயில் ஓடும் திரவத்தின் அளவு அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒன்றாகிவிடும். எனவே நரம்பு கொஞ்சம் இறுக்கினாலே பெரிய மாற்றம். உடம்பில் இருப்பது ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம். எல்லா உறுப்புகளின் குழாய்களும் ஒரே நேரத்தில் முழுதாகத் திறந்துகொண்டால் அது போதாது. கடைமடைக்குத் தண்ணீர் போக வேண்டுமென்றால் தலைமடையில் சில மதகுகளை அடைத்துத்தான் ஆக வேண்டும். ஓடும்போது குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகும் குழாய்கள் சுருங்குகின்றன. ஓய்வில் நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவே ரத்தம் வாங்கும் தசைகள், கடும் உழைப்பில் பதினைந்து லிட்டருக்கு மேலும் வாங்குகின்றன. தசைக்குள்ளும் பரிவு நரம்பு இறுக்கத்தான் பார்க்கிறது. ஆனால் உழைக்கும் தசை வெளியிடும் கழிவுப் பொருள்கள் அந்தக் கட்டளையை அங்கேயே மீறிவிடுகின்றன. மூளையின் குழாய்களிலோ பரிவு நரம்பின் அதிகாரம் மிகக் குறைவு. எந்த நெருக்கடியிலும் அங்கே வாசல் அடைபடுவதில்லை.

சிரைகளைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. உடலின் ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிரைகளில்தான் கிடக்கிறது. பரிவு நரம்பு சிரைச் சுவரை இறுக்கினால் அந்த இருப்பு இதயத்தை நோக்கி நகரும். ரத்தம் இழந்தவரைப் பல நிமிடங்கள் தாங்கிப் பிடிப்பது பெருமளவு இந்தச் சேமிப்புதான்.

இதையெல்லாம் நடத்த முகுளத்துக்குத் தகவல் வேண்டும். கழுத்தில் பொதுத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், தாடைக் கோணத்துக்குச் சற்றுக் கீழே, தமனிச் சுவர் லேசாக உப்பியிருக்கும். கரோடிட் சைனஸ் என்ற அந்தப் புடைப்பிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும், சுவர் விரிவதை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. அழுத்தம் ஏறினால் அவை வேகமாகச் சொல்லும், இறங்கினால் அடங்கிவிடும். அந்த முனைகள் விரிவை எப்படி மின்சைகையாக மாற்றுகின்றன என்பது அண்மைக் காலம் வரை தெரியாமலிருந்தது. ஆர்டெம் படபூட்டியனின் குழு கண்டுபிடித்த பியெசோ என்ற புரத வாயில்கள்தான் அதைச் செய்கின்றன என்று 2018-இல் எலிகளில் காட்டப்பட்டது. தொடு உணர்வு ஆய்வுக்காக அவர் 2021-இல் நோபல் பெற்றார்.

பாயில் படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது இந்தச் சுற்று முழுதும் ஓடுகிறது. நின்ற சில நொடிகளில் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, அழுத்தம் சரிகிறது, கழுத்தில் உள்ள முனைகள் அடங்குகின்றன. அந்த மௌனமே முகுளத்துக்குச் செய்தி. முதலில் வேகஸ் விடுகிறது, நாடி ஏறுகிறது. அடுத்து பரிவு நரம்பு கால், வயிற்றுக் குழாய்களை இறுக்குகிறது. அரை நிமிடத்துக்குள் அழுத்தம் பழைய இடத்துக்கு வந்துவிடும். நாடி மட்டும் பத்துப் பதினைந்து கூடுதலாக நிற்கும். சட்டென்று எழுந்தவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்து தெளிவது இந்த இடைவெளியில்தான். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 அளவுக்கு இறங்கி, ஏறாமலே இருந்தால் அது நோய்க்குறி.

ஒரு குறை உண்டு. இந்த உணர்முனைகள் நொடிக் கணக்கில் கெட்டிக்காரத்தனம் காட்டுபவை, மாதக் கணக்கில் அல்ல. பிரஷர் உயர்ந்து நாள்கணக்கில் அப்படியே இருந்தால், உயர்ந்த அளவையே இயல்பென்று ஏற்றுக்கொண்டு அதைக் காக்கத் தொடங்கிவிடும். நீண்ட கால அழுத்தத்தில் சிறுநீரகத்தின் கை ஓங்கியிருக்கிறது.

மயக்கம் போட்டு விழுவது இந்தச் சுற்றின் ஒரு தடுமாற்றம். பள்ளிக் காலைக் கூட்டத்தில் வெயிலில் அசையாமல் நிற்கும் பிள்ளை, ஊசியையோ ரத்தத்தையோ பார்த்த ஆள் என்று யாருக்கும் நேரலாம். முகம் வெளுக்கும், கொட்டாவி வரும், குமட்டும், குளிர்ந்த வியர்வை துளிர்க்கும், காதில் சத்தம் தூரப் போகும். பரிவு நரம்பு இறுக்க வேண்டிய நேரத்தில் திடீரென்று பிடியை விட்டுவிடுகிறது. அதே நேரத்தில் வேகஸ் இதயத்தை அழுத்திப் பிடிக்கிறது. அழுத்தம் சரிய, மூளைக்கு ரத்தம் போதாமல் ஆள் சாய்கிறார். விழுந்தவுடன் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வருவதால் ரத்தம் தானாகவே போய்ச் சேருகிறது. அதனால் விழுந்தவரைத் தூக்கி உட்கார வைப்பதும், இரண்டு பக்கமும் தாங்கி நிறுத்துவதும் தவறு. படுக்கவிட்டுக் காலை உயர்த்திப் பிடிப்பதே சரி. அறிகுறி தொடங்கும்போதே உட்கார்ந்துகொள்வது, கால்களைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்குவது, கைவிரல்களைக் கோத்து இழுப்பது ஆகியவை பலரை விழாமல் காக்கின்றன. இறுகும் தசை சிரை ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்புகிறது.

பரிவு நரம்பு விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை அறுவை அரங்கில் தினமும் பார்க்கலாம். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடும்போது, வலியுணர்வோடு தண்டுவடத்திலிருந்து கிளம்பும் பரிவு இழைகளும் மரத்துப்போகின்றன. சில நிமிடங்களில் கால் கதகதப்பாகும்; அங்கே குழாய்கள் விரிந்துவிட்டன. கூடவே அழுத்தமும் இறங்கும், தாய்க்குக் குமட்டும். மயக்க மருத்துவர் கண்ணை மானிட்டரில் வைத்தபடி, கையில் குழாயைச் சுருக்கும் மருந்தோடு நிற்பது இதற்காகத்தான்.

நேர் எதிர்த் திசையில், இரண்டு கடிவாளமும் அறுபட்டு ஓடுவதைக் காட்டுவது செந்தேள் கடி. ஹாட்டன்டோட்டா டாமுலஸ் என்ற இந்தத் தேளின் நஞ்சு நரம்பு இழைகளின் சோடியம் வாயில்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நரம்பு முனைகள் கையிருப்பை எல்லாம் கொட்டுகின்றன. முதலில் அசிட்டைல்கோலினின் ஆட்டம்: வாந்தி, எச்சில், உடம்பெல்லாம் வியர்வை, நாடி மந்தம். பிறகு பரிவின் புயல்: கைகால் சில்லிட்டுப் போகும், நாடி ஓடும், அழுத்தம் எகிறும். எல்லாக் குழாயும் இறுகிக் கிடக்க, அந்தத் தடைக்கு எதிராகத் தள்ளித் தள்ளி இதயம் களைத்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். கடிபட்ட பிள்ளைகள் பலர் இறந்தது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர் இந்தப் பிள்ளைகளின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாடியையும் அழுத்தத்தையும் மணிக்கு மணி குறித்துவைத்தார். குழாய்ச் சுவரில் நார்அட்ரினலின் வந்து உட்காரும் ஆல்ஃபா ஏற்பிகளை அடைத்தால் இதயத்தின் சுமை இறங்கும் என்று கணித்து, பிரஷருக்கென்று வந்திருந்த பிராசோசின் என்ற மலிவான மாத்திரையைக் கொடுத்தார். சில்லிட்ட கை சூடாவதுதான் மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். 1986-இல் லான்செட் இதழில் அவருடைய கட்டுரை வந்தது. பத்மஸ்ரீ 2022-இல்தான் வந்தது. ஒரு சிற்றூர் மருத்துவர் உடலியல் பாடத்தை நோயாளியின் கட்டிலோரத்தில் வாசித்து எத்தனையோ உயிர்களைக் காத்தார் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

ஏற்பிகளை ஆல்ஃபா, பீட்டா என்று 1948-இல் பிரித்தவர் அமெரிக்காவின் ரேமண்ட் அல்குவிஸ்ட். ஆல்ஃபா முக்கியமாகக் குழாயைச் சுருக்குவது, பீட்டா முக்கியமாக இதயத்தை முடுக்குவது. இந்தப் பிரிவினையை வைத்துத்தான் ஜேம்ஸ் பிளாக் 1960-களில் புரோப்ரனலால் என்ற முதல் வெற்றிகரமான பீட்டா தடுப்பானை உருவாக்கினார். இன்று நெஞ்சுவலிக்கும் படபடப்புக்கும் எழுதப்படும் மெட்டோபிரலால், அட்டெனலால் எல்லாம் அந்த வம்சம். வேகஸின் பக்கத்து மருந்து அட்ரோபின். அது அசிட்டைல்கோலினை ஏற்பியில் உட்காரவிடாது. வயலில் மருந்தடிக்கும்போது ஆர்கனோபாஸ்பரஸ் பூச்சிக்கொல்லி உடம்பில் ஏறினால், அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி செயலிழந்து, நாடி விழுந்து, நெஞ்சில் சளி நிறையும். அங்கே அட்ரோபினை, நெஞ்சு தெளிந்து நாடி 80-க்கு மேல் ஏறும்வரை, மீண்டும் மீண்டும் செலுத்துவார்கள். ஊமத்தங்காயைத் தின்றவருக்கு வாய் உலர்ந்து, கண்மணி விரிந்து, நெஞ்சு ஓடுவதும் அதே வகைப் பொருளால்தான்.

தமிழ்நாட்டில் இந்த நரம்புகளை அதிகம் அரிப்பது நஞ்சல்ல, சர்க்கரை நோய். நீளமான நரம்புகள் முதலில் கெடும். தானியங்கு நரம்புகளில் மிக நீளமானது வேகஸ். ஓய்விலேயே நாடி 100-ஐத் தொடும், மூச்சோடு ஏறி இறங்காமல் கடிகாரம்போல் ஒரே சீராக ஓடும். பிறகு பரிவு இழைகளும் போகும்போது நின்றால் தலை சுற்றும். இதயத்திலிருந்து வலியைச் சுமக்கும் இழைகளும் இந்த வழியில்தான் போகின்றன. அவை கெட்டவருக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வந்துவிடும். மூச்சுத் திணறல், திடீர் வியர்வை, காரணமில்லாத அசதி என்று வரும் சர்க்கரை நோயாளிக்கு இசிஜி எடுத்துப் பார்ப்பது அதனால்தான்.

இந்த நரம்புக் கேட்டைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நோயாளியை அமரவைத்து இசிஜி கம்பிகளைப் பொருத்தி, ஐந்து நொடி இழுத்து ஐந்து நொடி விடும்படி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு வாங்கச் சொல்வார்கள். மூச்சு இழுக்கும்போதுள்ள அதிகபட்ச நாடிக்கும், விடும்போதுள்ள குறைந்தபட்ச நாடிக்கும் உள்ள வித்தியாசம் 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேகஸ் நலமாக இருக்கிறது. வயது ஏறும்போது இது இயல்பாகவே குறையும். ஆனாலும் 10-க்குக் கீழே போனால் நரம்பு கெட்டிருக்கக்கூடும் என்று கொள்வார்கள். அடுத்து, படுக்கவைத்து ஒருமுறையும், எழுந்து நிற்கவைத்து ஒன்றாம், மூன்றாம் நிமிடங்களிலும் பிரஷர் பார்ப்பார்கள். முதல் சோதனை வேகஸுக்கு, இரண்டாவது பரிவு நரம்புக்கு.